மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கா: ஒவ்வொரு கேஜுக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேகத்துக்காக மேம்படுத்தப்பட்ட கார்களில் கூடுதல் கேஜ்களை (எஞ்சினின் அழுத்தம், வெப்பம் முதலியவற்றை முள்ளால் காட்டும் அளவுமானிகளை) பொருத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இத்தகைய பொருளை விரிவாகத் தமிழில் எழுத இடம் தந்தமைக்கு முதலில் நன்றி. கட்டுரையின் பெரும்பகுதியுடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், குழாய் வழியாக வரும் அழுத்தத்தால் இயங்கும் மெக்கானிக்கல் கேஜ்தான் உண்மையைச் சொல்லும், சென்சாரிலிருந்து ஒயர் வழியாக வரும் மின்சாரத்தால் இயங்கும் எலெக்ட்ரிக் கேஜ் பார்வைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான் என்ற பொருள்படக் கட்டுரை முடிவதை என்னால் ஏற்க முடியவில்லை. எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். இந்தத் தீர்ப்பை அப்படியே நம்பி யாரேனும் ஒருவர் பெட்ரோல் குழாயை டேஷ்போர்டு வரை இழுத்து வந்துவிடுவாரோ என்ற கவலையே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

காரில் உள்ள எல்லாக் கேஜ்களுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுத முடியாது. ஆயில் அழுத்தம், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம், பெட்ரோல் அழுத்தம், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவின் காற்றழுத்தம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரச்சினை. ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தக் கேஜைப் பொருத்துவதற்காக ஓட்டுநர் உட்காரும் இடத்துக்குள் எந்தப் பொருள் வருகிறது என்பது முதல் கேள்வி. கேஜோ அதன் இணைப்போ பழுதானால் முள் எந்தப் பக்கம் சாயும், அந்தச் சாய்வு ஓட்டுநரை எச்சரிக்குமா அல்லது அவருக்குப் பொய்யான நிம்மதியைத் தருமா என்பது இரண்டாவது. துல்லியம், விலை, தோற்றம் ஆகியவை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரிலேயே கேஜ் இருக்கும்போது கூடுதலாக ஏன் என்று கேட்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய பெரும்பாலான கார்களில் வெப்பத்தைக் காட்டும் முள், கூலன்ட் ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. முள் சற்றே ஏறினாலும் வாடிக்கையாளர் பதறிக்கொண்டு சர்வீஸுக்கு வந்துவிடுவார் என்பதால் இந்த ஏற்பாடு. ஆயில் அழுத்தத்திலும் இதே கதைதான். மஸ்தா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் தொடக்கத்தில் உண்மையான ஆயில் பிரஷர் கேஜ் இருந்தது. அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களில் 1995 மாடல் ஆண்டு முதல், அதே இடத்தில், சாதாரண சுவிட்ச் ஒன்றினால் இயங்கும் கேஜ் வந்தது. அழுத்தம் சில பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) அளவைத் தாண்டியதும் முள் நடுவில் போய் நின்றுவிடும், அதன் பிறகு அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குத் தெரியாது. அன்றாடப் பயன்பாட்டுக்கு இது போதலாம். எஞ்சினை அதன் எல்லை வரை இயக்குபவருக்கு, முள் நடுவில் நிற்கிறது என்பதனால் தெரியவருவது மிகக் குறைவு.

இனி மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜை எடுத்துக்கொள்வோம். இதன் உள்ளே இருப்பது பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த யூஜீன் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய். தட்டையான குறுக்குவெட்டுக் கொண்ட அந்தக் குழாயின் ஒரு முனை மூடப்பட்டிருக்கும். மறுமுனை வழியாக அழுத்தம் ஏறும்போது, வளைந்த குழாய் நிமிர முயலும். அந்த மிகச் சிறிய அசைவைப் பற்சக்கரம் ஒன்று பெருக்கி முள்ளைச் சுழற்றும். மின்சாரம் தேவையில்லை, பேட்டரி இறந்தாலும் வேலை செய்யும். முள் சுமார் 270 டிகிரி சுழல்வதால் 5 பிஎஸ்ஐ வேறுபாடுகூட ஒரே பார்வையில் புலப்படும். ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டியும் இந்த ஏற்பாடு நிலைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் அதன் எளிமைதான். அந்த அளவில் கட்டுரையாளரின் மதிப்பீட்டுடன் முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் அந்தக் கேஜ் வேலை செய்ய வேண்டுமானால், எஞ்சினின் ஆயில் நேரடியாக டேஷ்போர்டின் பின்புறம் வரை வந்தாக வேண்டும். சந்தையில் கிடைக்கும் கேஜ் தொகுப்புகள் பலவற்றில், 1/8 அங்குல நைலான் குழாயும் அதன் முனையில் மாட்டுவதற்கு ஒரு சிறு பித்தளை வளையமும் நட்டும் தரப்படுகின்றன. பிரச்சினை தொடங்கும் இடம் அதுதான். நட்டை முறுக்கும்போது பித்தளை வளையம் நைலானைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். குறைவாக முறுக்கினால் கசியும், அதிகமாக முறுக்கினால் வளையம் நைலானைக் கடித்துக் குழாயின் சுவரை மெலிதாக்கிவிடும். அப்படி மெலிந்த இடம் அன்றைக்கே உடையாது. எஞ்சின் சூடாவதும் ஆறுவதும் பலமுறை நிகழ்ந்து நைலான் இறுகிப்போன பிறகு, ஆயில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் ஒரு நேரத்தில்தான் உடையும். குளிர்ந்த எஞ்சினின் வேகத்தைக் கூட்டும்போது 80 பிஎஸ்ஐக்கும் மேல் அழுத்தம் எழுவது சாதாரணம். இயங்கி முடித்த எஞ்சினின் ஆயில் 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்த ஆயில் ஓட்டுநரின் கால்களின் மீதும் பெடல்களின் மீதும் பீய்ச்சப்படுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சின் பகுதியிலேயே உடைந்தாலோ, பக்கத்தில் சிவக்கக் காய்ந்திருக்கும் எக்ஸாஸ்ட் குழாயின் மீது அது தெறிக்கும்.

இதற்கு மாற்றாகச் செப்புக் குழாயைப் பலர் பரிந்துரைக்கின்றனர். செம்பு வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் எஞ்சின் அதிரும், காரின் உடல் அதிராது. இரண்டுக்கும் இடையே நேராக இழுத்துக் கட்டப்பட்ட செம்பு, அதிர்வினால் இறுகி, நட்டுக்கு அருகிலேயே விரிசல் விடும். நடுவில் இரண்டு மூன்று சுற்றுகள் சுருளாக விட்டால் ஆயுள் கூடும். என் தேர்வு எப்போதும் எஃகு இழைகளால் பின்னப்பட்ட உறையுடைய மெல்லிய ஹோஸ்தான். அதோடு, ஆயில் எஞ்சினை விட்டு வெளியேறும் இடத்திலேயே மிகச் சிறிய துளையுடைய ஒரு தடுப்பைப் பொருத்திவிட வேண்டும். அந்தக் குழாயில் ஆயில் ஓடுவதில்லை, அழுத்தம் மட்டுமே கடத்தப்படுகிறது. ஆகவே சிறு துளையினால் முள்ளின் அளவு மாறாது. குழாய் உடைந்தால் மட்டும் ஆயில் வெள்ளமாக வராமல் நூலாக வரும், ஓட்டுநர் எஞ்சினை அணைத்துப் பாதுகாப்பாக ஒதுங்க நேரம் கிடைக்கும். இந்தச் சிறு தடுப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குப் பெரும் குறையாகப் பட்டது. மெக்கானிக்கல் ஆயில் கேஜ் வேண்டும் என்பவருக்கு நான் சொல்லும் முதல் நிபந்தனையே அதுதான்.

எலெக்ட்ரிக் ஆயில் பிரஷர் கேஜில் ஆயில் எஞ்சின் பகுதியோடு நின்றுவிடுகிறது, டேஷ்போர்டுக்கு ஒயர் மட்டுமே வருகிறது. முதல் கேள்விக்கு இதுவே மிக நல்ல விடை. ஆனால் எலெக்ட்ரிக் என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல வகைகள் விற்கப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மிகப் பழைய வகையில், இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். பழைய பிரிட்டிஷ் கார்களில் இவற்றுக்கெனச் சராசரியாக 10 வோல்ட் தரும் தனி நிலைப்படுத்தி இருந்தது. இவ்வகையின் முள் மிக மெதுவாகத்தான் நகரும். அடுத்த வகையில், கம்பிச் சுருள்களின் காந்தப்புலம் முள்ளைத் திருப்பும். இது வேகமானது, ஆனால் விலை குறைந்தவற்றில் முள் 90 டிகிரிதான் சுழலும். மூன்றாவது வகையில், படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் முள்ளை 270 டிகிரி வரை சுழற்றுகிறது, சென்சாரும் வேறு தரத்தைச் சேர்ந்தது. முதல் வகையைப் பார்த்தவர் எலெக்ட்ரிக் கேஜ் தூங்குமூஞ்சி என்பார். மூன்றாவதைப் பயன்படுத்தியவருக்கு மெக்கானிக்கல் கேஜுக்கும் அதற்கும் வேகத்தில் வேறுபாடு தெரியாது. கட்டுரையாளர் எந்த வகையை மனத்தில் வைத்து எழுதினார் என்பதைச் சொல்லியிருந்தால் பாதி விவாதமே எழுந்திருக்காது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. சென்சாரும் கேஜும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அமெரிக்க வழக்கத்தில், அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது 240 ஓம், முழு அளவில் 33 ஓம் என்று மின்தடை குறையும் சென்சார்கள் பரவலாக உள்ளன. விடிஓ போன்ற கேஜ் தயாரிப்பாளர்களின் ஐரோப்பிய வழக்கத்தில், பூஜ்யத்தில் 10 ஓம், முழு அளவில் சுமார் 180 ஓம் என்று மின்தடை ஏறும். ஒன்றின் சென்சாரை மற்றொன்றின் கேஜில் மாட்டினால் முள் அசையத்தான் செய்யும், ஆனால் தலைகீழாக அசையும். மரையிலும் இதே எச்சரிக்கை தேவை. அமெரிக்கத் தரமான 1/8 என்பிடி மரையில் அங்குலத்துக்கு 27 சுற்றுகள், பிரிட்டிஷ் தரமான 1/8 பிஎஸ்பி மரையில் 28. இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும், முதல் சில சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கவும் செய்யும். அதற்கு மேல் ஸ்பேனரால் வலுக்கட்டாயமாக முறுக்குபவர், எஞ்சினின் அலுமினியத்தில் உள்ள மரையைத்தான் அழிக்கிறார்.

எர்த் இணைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒற்றை ஒயர் கொண்ட சென்சார், தன் உடலையே எர்த்தாகப் பயன்படுத்துகிறது. கசிவைத் தடுக்க மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி ஏற்றினால், சென்சாருக்கும் எஞ்சினுக்கும் இடையே மின்தொடர்பு பலவீனமாகி, முள் தவறான இடத்தில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு எலெக்ட்ரிக் கேஜே நம்பத்தகாதது என்று முடிவுகட்டியவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டுப் பார்த்தால் போதும். முள் அந்த நொடியில் நகர்ந்தால், கோளாறு எர்த்திலோ மின் இணைப்பிலோதான் இருக்கிறது. ஆயில் அழுத்தத்துக்கு ஹெட்லைட்டோடு எந்த உறவும் இல்லை.

எலெக்ட்ரிக் கேஜ் என்றால் ஆயில் கசிவே நேராது என்ற நம்பிக்கையும் தவறானது. உருண்டை டப்பா வடிவில் உள்ள சென்சார் கனமானது. அதை ஒரு பித்தளை இணைப்பின் நுனியில் தொங்கவிட்டால், அதிர்வினால் பித்தளை மரையின் அடிவாரத்தில் முறிந்து, எஞ்சினின் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். குறுகிய ஹோஸ் ஒன்றின் வழியாகச் சென்சாரைக் காரின் உடலில் பொருத்திவிட்டு, அதற்குத் தனி எர்த் ஒயர் கொடுப்பதே சரி. இந்த வேலைக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். அதைத் தவிர்த்த எஞ்சின்களின் பேரிங்குகளைப் பிறகு மாற்றுவதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

என் இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். முக்கியமானதாக நான் கருதுவது இதைத்தான், பொதுவாக யாரும் பேசாததும் இதுதான். எந்தக் கேஜும் ஒருநாள் பழுதாகும். மெக்கானிக்கல் ஆயில் கேஜின் குழாய் உடைந்தால் முள் பூஜ்யத்துக்கு விழும், ஓட்டுநர் உடனே எஞ்சினை அணைப்பார். இது நல்ல பக்கத்தில் விழும் பழுது. 240 ஓமில் தொடங்கும் எலெக்ட்ரிக் கேஜில் ஒயர் அறுந்தாலும் முள் பூஜ்யத்துக்கே போகும், அதுவும் நன்று. ஆனால் அதே ஒயரின் உறை உரசித் தேய்ந்து காரின் உடலைத் தொட்டுவிட்டால், முள் முழு அழுத்தத்தைக் காட்டும். எஞ்சினில் ஆயிலே இல்லாவிட்டாலும் முள் உச்சியில் நிற்கும். 10 ஓமில் தொடங்கும் வகையில் இது நேர் எதிர்: ஒயர் உடலைத் தொட்டால் பூஜ்யம், ஒயர் கழன்றால் முழு அழுத்தம். ஆகவே தன் காரில் உள்ள கேஜ் எந்த வகை, அதன் ஒயர் கழன்றால் முள் எங்கே போகும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சோதித்துப் பார்ப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, ஒயரைச் சென்சாரிலிருந்து கழற்றி முள்ளைக் கவனித்தால் போதும்.

வெப்பத்தைக் காட்டும் கேஜில் இது இன்னும் ஆபத்தானது. எலெக்ட்ரிக் வெப்ப சென்சாரில் உள்ள தெர்மிஸ்டரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். அதனால் ஒயர் கழன்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்றுதான் கேஜ் காட்டும். மெக்கானிக்கல் வெப்ப கேஜிலும் நிலைமை மேலானதல்ல. அதில் எஞ்சினில் பதிக்கப்படும் குமிழுக்குள் ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும், அதன் ஆவியழுத்தம் முடியைப் போன்ற மெல்லிய குழாய் வழியாகக் கேஜில் உள்ள வளைகுழாயை வந்தடையும். அந்த மெல்லிய குழாயில் எங்கேனும் விரிசல் விட்டால் ஆவி வெளியேறி, முள் கீழே விழுந்து, இங்கேயும் எஞ்சின் குளிர்ச்சியாகவே தோன்றும். ஆக, வெப்பத்தைப் பொறுத்தவரை இரு வகைகளுமே பழுதாகும்போது தவறான பக்கம் சாய்கின்றன. கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால், சென்சாரோ குமிழோ திரவத்தில் நனையாமல் காற்றில் நின்று, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்ற தொல்லையும் உண்டு. எனவே வெப்ப முள் வழக்கமான இடத்திலிருந்து கீழே இறங்குவதையும், மேலே ஏறுவதைப் போலவே அபாயமாகக் கருத வேண்டும். சாலையில் வைத்து சிலிண்டர் ஹெட் வெடித்த எஞ்சின்கள் பலவற்றின் உரிமையாளர்கள், கடைசி நிமிடத்தில் முள் இறங்கியதைப் பார்த்து, சூடு தணிந்துவிட்டது என்று நம்பியிருந்தார்கள்.

மெக்கானிக்கல் வெப்ப கேஜுக்குச் சிறப்பான ஒரு குணம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆவியழுத்தம் வெப்பத்தோடு சீராக ஏறாமல் மேலே போகப் போக விரைந்து ஏறுவதால், அளவுகோலின் கீழ்ப்பகுதி நெருக்கமாகவும் மேற்பகுதி விரிந்தும் இருக்கும். கவனிக்க வேண்டிய 90 முதல் 120 டிகிரி வரையிலான பகுதியில் முள் அகலமாக நகரும். ஆனால் அந்த மெல்லிய குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது. நீளம் மிகுந்தால் எங்காவது சுருட்டி வைக்க வேண்டும், மடிந்தால் முடிந்தது. குமிழ் நுழைய வேண்டும் என்பதற்காகவே எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவில் உள்ள தகட்டில் பெரிய ஓட்டை போட வேண்டும். பந்தயத்துக்காக எஞ்சினை அடிக்கடி இறக்கி ஏற்றும் காரில், ஒவ்வொரு முறையும் குமிழைக் கழற்றிப் பத்திரமாக ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். ஒருமுறை மறந்து எஞ்சினைத் தூக்கினாலே கேஜ் போய்விடும். இந்தக் காரணங்களால், வெப்பத்துக்கு நான் எலெக்ட்ரிக்கையே தேர்ந்தெடுக்கிறேன். ஒயரை ஒரு இணைப்பில் பிரித்துவிடலாம், நறுக்கி நீட்டலாம், அறுந்தால் மாற்றலாம்.

பெட்ரோல் அழுத்தத்தில் விவாதத்துக்கே இடமில்லை. பெட்ரோலை ஒருபோதும் ஓட்டுநர் உட்காரும் பகுதிக்குள் கொண்டுவரக் கூடாது. எலெக்ட்ரிக் கேஜைப் பயன்படுத்தலாம், அல்லது நடுவில் சவ்வு வைத்த தடுப்பான் ஒன்றைப் பொருத்தலாம். அதில் ஒரு பக்கம் பெட்ரோல் தள்ளும், மறுபக்கம் கேஜ் வரை கூலன்ட் திரவம் நிரம்பியிருக்கும், அழுத்தம் மட்டுமே கடந்து வரும். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் மேலேயே, பானெட்டுக்குள், சிறு மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை வைத்துக்கொள்வதும் உண்டு. அழுத்தத்தைச் சரிசெய்யும்போது மட்டும் பார்க்க அது போதும். ஆனால் கிளிசரின் நிரப்பிய கேஜாக இருந்தால், எஞ்சின் சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து கூட்டின் அழுத்தம் உயர்வதனால் முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பெட்ரோல் பம்ப் பலவீனமாகிவிட்டது என்று எண்ணி, நல்ல பம்பை மாற்றுபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். மூடியைத் திறந்து கூட்டின் காற்றை வெளியேற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜுக்கு மெக்கானிக்கலே போதுமானது. உள்ளே வருவது காற்றுதான், மெல்லிய ஹோஸ் ஒன்றை இன்டேக்கிலிருந்து இழுத்தால் வேலை முடிந்தது. முள் நடுங்கினால் ஹோஸில் ஒரு சிறு தடுப்பைப் பொருத்தலாம். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்ரோல் ரெகுலேட்டருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டரின் அழுத்த சென்சாருக்கும் போகும் ஹோஸை வெட்டி அதில் இந்த கேஜைச் சேர்க்கக் கூடாது. கேஜின் ஹோஸ் பூஸ்ட்டில் கழன்றால், ரெகுலேட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஏமாறும், எஞ்சினுக்குப் பெட்ரோல் குறையும்.

எக்ஸாஸ்ட் வெப்பத்திலும் காற்று-பெட்ரோல் விகிதத்திலும் தேர்வே கிடையாது, அவை எலெக்ட்ரிக் மட்டுமே. எக்ஸாஸ்டில் பொருத்தப்படும் கே வகைத் தெர்மோகப்பிள் (வெப்பத்தால் சிறு மின்னழுத்தம் உண்டாக்கும் உலோகக் கம்பி இணை) டிகிரி ஒன்றுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தருகிறது. இத்தனை சிறிய மின்னழுத்தத்தை எடுத்துச் செல்லும் ஒயரைச் சாதாரண ஒயரால் நீட்டினால் அளவு கெடும் என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன்.

பந்தயப் பாதையில் வேறொரு உண்மை தலைதூக்குகிறது. வேகமாக வளைவில் திரும்பும்போது எந்த ஓட்டுநரும் கேஜைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் ஆயில், தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, அழுத்தம் சட்டென்று சரிவது அந்த வளைவில்தான். எஞ்சினின் சுழற்சி நிமிடத்துக்கு 1000 ஏறும்போதெல்லாம் 10 பிஎஸ்ஐ ஆயில் அழுத்தம் வேண்டும் என்று தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி 6000 சுழற்சியில் 60 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 4 பார் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே முடிவு. அந்த 60 ஒரு நொடிக்கு 15 ஆகிவிட்டு மீண்டும் ஏறினால், மெக்கானிக்கல் கேஜின் முள் அதை நேர்மையாகக் காட்டியிருக்கும், ஆனால் காட்டிய நேரத்தில் அதைக் கண்டவர் யாரும் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ளும் எலெக்ட்ரிக் கேஜும், அதோடு இணைந்த பதிவுக் கருவியும் அந்த நொடியைச் சேமித்து வைக்கும். இவற்றின் சென்சார்கள் 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்கி, பூஜ்ய அழுத்தத்துக்கு 0.5 வோல்ட்டும் முழு அளவுக்கு 4.5 வோல்ட்டும் தருகின்றன. ஒயர் அறுந்து 0 வோல்ட் வந்தாலோ, எங்கேனும் தொட்டு 5 வோல்ட் வந்தாலோ, அது அழுத்தமே அல்ல, பழுதுதான் என்று கருவியே கண்டுகொள்ள முடியும். மேலே நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் மிகச் சிறந்த விடை இந்த 0.5 வோல்ட் ஏற்பாடுதான். மெக்கானிக்கல் கேஜுக்கு இந்த ஆற்றல் கிடையாது. மறுபுறம், மின்சாரமே போய்விட்டால் ஸ்டெப்பர் மோட்டார் வகையில் முள் கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றுவிடக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எந்த வகைக் கேஜைத் தேர்ந்தெடுத்தாலும், ஆயில் அழுத்தத்துக்கென்று தனியாக ஒரு சுவிட்சும், ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே பளிச்சென்று எரியும் ஒரு சிவப்பு விளக்கும் அவசியம். கேஜின் சென்சாரோடு அதற்குத் தொடர்பு இருக்கக் கூடாது. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் பொருத்திய சுவிட்ச் பெரும்பாலும் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் விளக்கை எரியவிடும், அதற்குள் பேரிங் தேய்ந்துவிடும். 20 பிஎஸ்ஐ அளவிலேயே எரியும் சுவிட்சை வாங்கிப் பொருத்தினால், ஐட்லிங்கில் சில நேரம் விளக்கு மினுங்கினாலும், பாதையில் அது எரிந்தால் அர்த்தம் இருக்கும். கேஜ்களைப் பொருத்தும்போது, எஞ்சின் நன்றாக ஓடுகையில் எல்லா முட்களும் நேர் மேலே நிற்கும்படி ஒவ்வொரு கேஜையும் சற்றே திருப்பி வைப்பது பந்தயக்காரர்களின் பழைய பழக்கம். எண்களைப் படிக்காமலே, சாய்ந்து நிற்கும் முள்ளைக் கண் கண்டுபிடித்துவிடும்.

துல்லியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய கேஜ் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாமல், பொருத்துவதற்கு முன்பே சோதிப்பது நல்லது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் 300 மீட்டர் கூடும்போது சுமார் ஒரு டிகிரி குறையும். கொதிக்கும் தண்ணீரில் குமிழையோ சென்சாரையோ பாத்திரத்தின் அடியைத் தொடாமல் மூழ்கவைத்து, எலெக்ட்ரிக் வகையானால் சென்சாரின் உடலை ஒரு ஒயரால் பேட்டரியின் நெகடிவில் இணைத்து, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு இருந்தால் அதனால் பாதகமில்லை, அந்த வேறுபாடு தெரிந்திருந்தால் போதும். ரேடியேட்டர் மூடி 1 பார் அழுத்தம் தாங்குவதாக இருந்தால், உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது என்பதையும் நினைவில் வைத்து அளவை மதிப்பிட வேண்டும். ஆயில் அழுத்தத்துக்கு, பணிமனையில் சோதனைக்கென்றே வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கல் கேஜைத் தற்காலிகமாக மாட்டி ஒப்பிடுவதே வழி. மெக்கானிக்கல் கேஜ் உண்மையைச் சொல்லும் என்ற கட்டுரையாளரின் கூற்று முழுமையாகப் பொருந்தும் இடம் இதுவே: பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சின் அருகே நின்று, நேரடியாக அளக்கும்போது.

ஆகவே, சாலையிலும் ஓடி எப்போதாவது பந்தயப் பாதைக்கும் போகும் காருக்கு, ஆயில் அழுத்தத்துக்கும் கூலன்ட், ஆயில் வெப்பங்களுக்கும் முழுச் சுழற்சி எலெக்ட்ரிக் கேஜ்களையும், பூஸ்ட்டுக்கு மெக்கானிக்கலையும் பரிந்துரைக்கிறேன். மின்சாரச் சிக்கல்களே வேண்டாம் என்று எல்லாவற்றையும் எளிமையாக வைத்துக் கட்டப்படும் தனிப் பந்தயக் காருக்கு, எஃகு பின்னிய ஹோஸும் சிறு துளைத் தடுப்பும் உண்டென்றால், மெக்கானிக்கல் ஆயில் கேஜை மனநிறைவோடு ஏற்பேன். கார்ப்பரேட்டர் எஞ்சினும் மிகச் சில ஒயர்களும் மட்டுமே கொண்ட பழைய கார்களை ஓட்டுபவர்கள் இன்றும் அதையே விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

தங்கள் வாகனப் பக்கத்தில் இப்பொருள் மீண்டும் இடம்பெறுமானால், ஓட்டுநர் பகுதிக்குள் பெட்ரோல் குழாய் வரக் கூடாது என்பதையும், ஆயில் குழாய்க்குத் தடுப்பு தேவை என்பதையும் தனிக் கட்டமிட்டு வெளியிட வேண்டுகிறேன். முதல் கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கனவே நைலான் குழாய் பொருத்திய வாசகர்கள் இருப்பார்கள். அவர்கள் அடுத்த முறை பானெட்டைத் திறக்கும்போது, அந்தக் குழாய் எக்ஸாஸ்டுக்கு எவ்வளவு அருகில் செல்கிறது, தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா, நட்டுக்குப் பக்கத்தில் நைலான் வெளுத்தோ இறுகியோ இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

தங்கள் உண்மையுள்ள,
எஞ்சின் மெக்கானிக் ஒருவர்